வீரிய ஒட்டு நெல்லும் வித்துச் சேமிப்பும்

அறுவடையில் நல்ல கதிர்களைத் தெரிந்தெடுத்து, உலர்த்தி, அடுத்த பூவுக்கு வித்தாகப் பேணுவது நாஞ்சில் நாட்டு உழவரின் நெடுநாளைய வழக்கம். வீரிய ஒட்டு நெல்லுக்கு மட்டும் இவ்வழக்கம் ஏன் பொருந்தாது என்று அங்கத்தினர்கள் வினவுகின்றனர். இதற்குரிய விடை நெற்பூவின் ஆண் பாகத்தில் அடங்கியுள்ளது.

நெற்பூ ஒவ்வொன்றிலும் ஆறு மகரந்தத் தாள்களும் ஒரு சூலகமும் உள்ளன. தன் மகரந்தத்தாலேயே அது கருவுறுகிறது. ஆகவே தாயும் தந்தையும் ஒன்றே. பயிரும் தலைமுறைதோறும் மாறாது வரும். ஐ.ஆர். 8 நெல்லையும் நம் கட்டிச்சம்பாவையும் இணைத்து, பல தலைமுறை தெரிந்தெடுத்து நிலைப்படுத்திய திருப்பதிசாரம் 1 இவ்வகையினது. அதன் வித்தைச் சேமிக்கலாம்.

வீரிய ஒட்டு அத்தகையதன்று. வேறுபட்ட இரு பெற்றோரின் முதல் தலைமுறை மிகுந்த வீரியம் உடையது. ஆனால் அவ்விரண்டையும் இணைக்கத் தாய்ப்பயிரின் மகரந்தத்தை நீக்க வேண்டும். வயல் முழுவதும் கையால் இதைச் செய்தல் இயலாது. 1970-இல் சீனாவின் ஹைனான் தீவில், மகரந்தம் பயன்படாத காட்டு நெற்செடி ஒன்று கிடைத்தது. அதைக் கொண்டு யுவான் லோங்பிங் குழுவினர் உருவாக்கிய வீரிய ஒட்டு நெல் 1976 முதல் அங்கே பெருமளவில் பயிராயிற்று. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோ.ஆர்.எச். 1 ரகத்தை 1994-இல் வெளியிட்டது.

இந்த ஆண்மலட்டுக்குக் காரணம் உயிரணுவிலுள்ள மைட்டோகாண்ட்ரியா. அது தாய்வழியாகவே செல்லும். அங்ஙனமாயின் பிள்ளையும் மலடாகி உழவருக்குப் பதரன்றோ மிஞ்சும்? அதைத் தடுப்பதற்கே, மலட்டை நீக்கும் மரபணுக்களுடைய தந்தையைத் தேர்கின்றனர். அவற்றுள் முக்கியமானவை இரண்டு: முதற் குரோமோசோமில் ஆர்.எப். 3, பத்தாம் குரோமோசோமில் ஆர்.எப். 4. பின்னதே வலிமை மிக்கது. தந்தையிடமிருந்து ஒரு படி கிடைத்தாலே முதல் தலைமுறை நன்கு மணி பிடிக்கும்.

அந்த மணியையே வித்தாக இட்டால் கணக்கு மாறுகிறது. மலட்டுக் குணம் எல்லாச் செடிகளுக்கும் செல்கிறது. அதை நீக்கும் மரபணுக்களோ பிரிந்து விடுகின்றன. சராசரியாகப் பதினாறு செடிகளில் ஒன்பதில் இரண்டும் இருக்கும். ஆறில் ஒன்று மட்டும் இருக்கும். ஒன்றில் இரண்டுமே இரா. தந்தையிடம் ஒரே மரபணு இருந்திருப்பின் நான்கில் ஒரு செடி மலடாகும். அண்டைச் செடிகளின் மகரந்தம் காற்றில் வந்து சில மணிகள் பிடிக்கலாம். எனினும் பதர் மிகும். உயரமும் முதிர்ச்சியும் சீராய் அமையா. ஒரு பகுதி முற்றும்போது மற்றொரு பகுதி பச்சையாய் நிற்கும். பெற்றோரின் வேறுபாட்டால் வந்த வீரியமும் குறையும்.

வித்துக்கு மிச்சப்படுத்திய பணம் களத்தில் இழப்பாகும். பயிர்க்கடனின் தவணையும் தவறும். ஆகவே அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டியவை:

1. வீரிய ஒட்டு பயிரிடுவோர் பூவுக்குப் பூ புது வித்தே வாங்குக. ஏக்கருக்கு எட்டு கிலோ போதும். இச்செலவைக் கடன் மதிப்பீட்டில் முன்னரே சேர்த்துக் கேட்க வேண்டும்.

2. சான்றட்டை இல்லாத மூட்டையை, விலை மலிவு என்பதற்காக வாங்கலாகாது.

3. ஆண்டுதோறும் வித்து வாங்க வசதியில்லாதோர் திருப்பதிசாரம் ரகங்களைப் பயிரிட்டுத் தம் வித்தைத் தாமே பேணுவது நன்று.

எவ்வகை வித்து எவ்வளவு தேவை என்பதை நாற்றங்காலுக்கு முன்பே சங்கத்தில் பதிவு செய்தால், அனைவருக்கும் சேர்த்துக் காலத்தில் வருவித்தல் எளிதாகும்.