நாயைக் காலருகே நடத்திப் பழக்குதல்: பயிற்சி தடைப்பட்டால் செய்யத்தக்கவை

தோட்டக் காவலுக்கு வளர்க்கும் நாய், எஜமானனுடைய இடது காலை ஒட்டி நடக்கக் கற்றாலன்றி, வரப்பிலும் வண்டிப் பாதையிலும் அதனை நம்பி அழைத்துச் செல்ல இயலாது. அயலார் ஆட்டின்மேல் ஒருமுறை பாய்ந்துவிட்டால் நஷ்டமும் வழக்கும் நேரிடும். களத்துமேட்டில் செவ்வனே நடக்கும் நாய், ஆட்டுக்கிடையைக் கண்டவுடன் கயிற்றை இழுத்தோடுவதும், வாரங்கள் பல கழிந்தும் அபிவிருத்தி காணாததும் பலர் கூறும் குறை.

இதனைப் பிடிவாதமென்று எண்ணி அடிப்பது வீண். இழுக்க இழுக்க எஜமானன் பின்தொடர்ந்து போவதே நாய்க்குக் கிடைக்கும் கூலியாகும். கயிறு இறுகியதும் அசையாது நிற்றல் வேண்டும்; தளர்ந்த பின்னரே அடியெடுத்து வைக்கலாம். வீட்டார் அனைவரும் இதில் ஒத்து நடவாவிடில் பயனில்லை. பெரும்பாலும் சிறுவர்களே இதனைக் கெடுப்பவர்கள்.

மற்றொரு காரணம் தீனி காட்டும் முறை. மூக்கிற்கு முன் தீனியைப் பிடித்துக்கொண்டே நடத்தினால், நாய் கையைத் தொடருமேயன்றி நடையைக் கற்காது. வெறுங்கையுடன் 5 அடி நடந்து, நாய் தொடையருகே இருக்கும் கணத்திலேயே மடியிலிருந்து ஒரு துண்டு எடுத்துக் கொடுத்தல் வேண்டும். பின்னர் 8, 3, 12 என அடிகளை மாற்றுக. எப்போதும் கூட்டிக்கொண்டே போனால் நாய் சலிப்புறும்.

சிப்பிப்பாறை, கன்னி முதலியவை கண்ணால் கண்டதைத் துரத்தும் ஜாதிகள். ஆதலின் அவற்றிற்குத் தூரமே முக்கியம். ஆட்டைக் கண்டும் தீனியை உண்ணுமளவு விலகி நின்று தொடங்கி, சிறிது சிறிதாக நெருங்கலாம். தவறினால் முந்திய தூரத்திற்குத் திரும்புக. பாடம் ஒரு வேளைக்கு 5 நிமிஷத்திற்கு மேற்படலாகாது. கோடையில் புறங்கையைத் தரையில் வைக்கப் பொறாதாயின், வெயில் சாயும்வரை நாயை வெளியே நடத்தலாகாது.