ஒரு கிலோ எண்ணெய் எத்தனை மில்லி?

கேள்வி: எங்கள் மகளிர் குழுவில் கூந்தல் தைலம் காய்ச்சி விற்கிறோம். தேங்காய் எண்ணெயும் விளக்கெண்ணெயும் மில்லில் கிலோ கணக்கில் வாங்கி, 100 மில்லி பாட்டிலில் அடைக்கிறோம். 15 கிலோ டின்னுக்கு 150 பாட்டில் என்று விலை போட்டோம். பத்துப் பாட்டிலுக்கு மேல் கூடுதலாக வருகிறது. அளவில் எங்கோ பிசகா? கிலோவை மில்லியாக மாற்ற என்ன கணக்கு?

- வாசகி, பாலக்கோடு

பதில்: உங்கள் பாட்டில் சரிதான். ஒரு கிலோ, ஒரு லிட்டர் இரண்டும் ஒன்று என்ற கணக்கு தண்ணீருக்குத்தான் செல்லும். தண்ணீரில் மிதக்கிற எண்ணெய்க்கு அது எப்படிச் சரிவரும்? தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் இரண்டும் மில்லிக்கு ஏறக்குறைய 0.92 கிராம். விளக்கெண்ணெய் கொஞ்சம் கனம், 0.96. கிராமை இந்த எண்ணால் வகுத்தால் மில்லி வரும். மில்லியை இதனால் பெருக்கினால் கிராம். 15 கிலோ தேங்காய் எண்ணெய் 16.3 லிட்டர், அதாவது 163 பாட்டில். மாறாக, 15 லிட்டர் டின்னில் இருப்பது 13.8 கிலோதான். டின்மேல் எது அச்சாகியிருக்கிறது என்று பார்த்த பிறகே விலையை ஒப்பிடுங்கள். கிளிசரின் இதற்கு நேர் எதிர்: கிலோவுக்கு 800 மில்லிகூடத் தேறாது.

என்னைக் கேட்டால், கலக்கும்போது மில்லியே வேண்டாம். விளக்கெண்ணெயை அளவுக் குவளையில் ஊற்றிப் பாருங்கள். கவிழ்த்த பிறகும் சுவரில் ஒட்டி, மெல்ல வழிந்துகொண்டே இருக்கும். வாணலியைத் தராசில் வைத்து, பூஜ்யமாக்கி, நேராக அதிலேயே ஊற்றி எடை பாருங்கள். மில்லி கணக்கு கடைசியில், பாட்டிலில் அடைக்கும்போது வந்தால் போதும். கரிசலாங்கண்ணிச் சாறு சேர்த்துக் காய்ச்சுகிறீர்கள் என்றால் சாற்றின் தண்ணீர் ஆவியாகிவிடும், சக்கையும் கொஞ்சம் எண்ணெயைக் குடிக்கும். அதனால் ஊற்றியதை வைத்துக் கணக்குப் போடாமல், வடிகட்டியதை அளந்து பாட்டில் எண்ணிக்கையைப் போடுங்கள்.

சூட்டோடு அடைக்கவே அடைக்காதீர்கள். எண்ணெய் சூட்டில் விரியும். மத்திய நுகர்வோர் துறை 2022-ல் சமையல் எண்ணெய் நிறுவனங்களுக்குச் சொன்ன உதாரணம்: ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரியில் 919 கிராம், 60 டிகிரியில் 892.6 கிராம். சூடாக 100 மில்லி கோடு வரை ஊற்றினால், ஆறிய பிறகு 97 மில்லிதான் நிற்கும். வாங்கியவர் கண்ணில் அது அளவுக் குறைவு. எடை அளவு ஆய்வாளர் கண்ணிலும் அதுவே. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்தும் போகும். இளஞ்சூட்டில் உருக்கி, அறைச் சூட்டுக்கு வந்த பிறகு அடையுங்கள். விற்பனைக்குச் செய்வதால் 2020 அழகுசாதனப் பொருள் விதிகளின்படி உரிமம் வேண்டுமா என்று மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிலும் கேட்டுவிடுங்கள்.

அடுத்து சோப்பிலும் இறங்குவதாக இருந்தால் எல்லாமே எடைதான். ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்குக் காஸ்டிக் சோடா சுமார் 183 கிராம், விளக்கெண்ணெய்க்கு 128. கிலோ என்று நினைத்து ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெயை ஊற்றிவிட்டால் எண்ணெய் 80 கிராம் குறையும். சோடாவில் ஏறக்குறைய 15 கிராம் சேராமல் சோப்பிலேயே தங்கி, தேய்ப்பவர் தோலைப் புண்ணாக்கும்.