புதுச்சேரியில் பிரிந்த நட்சத்திரம்

கேள்வி: இரட்டை நட்சத்திரங்களின் திணிவையும் பருமனையும் எப்படி அளக்கிறார்கள்? அகச்சிவப்பு ஒளி எதற்கு?
– வாசகர், டிக்கோயா

பதில்: மே மாத இரவில், பத்து மணிக்குமேல் பனிமூட்டம் விலகினால், உங்கள் தெற்கு வானில் ஆல்பா சென்டாரி தெரியும். கண்ணுக்கு ஒன்று, தொலைநோக்கியில் இரண்டு. 1689இல் புதுச்சேரியிலிருந்து இதைக் கண்டு சொன்னவர் ரிஷோ பாதிரியார். நினைக்கும்தோறும் சிலிர்க்கிறது!

இரண்டும் ஏறக்குறைய 80 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றுகின்றன. சுற்றும் காலமும் இடைத்தூரமும் தெரிந்தால் மொத்தத் திணிவு கிடைத்துவிடும். தனித்தனியே, சூரியனைப்போல் 1.1, 0.9 மடங்கு.

பருமனுக்குத்தான் அகச்சிவப்பு. அலைநீளம் கூடிய அந்த ஒளியைக் காற்றின் கொந்தளிப்பு அவ்வளவாகக் குலைப்பதில்லை. சிலி நாட்டுப் பரனால் மலையில் பல தொலைநோக்கிகளின் அகச்சிவப்பு ஒளியை ஒன்றுசேர்த்து அளந்தார்கள்: ஒன்றின் விட்டம் சூரியனைப்போல் 1.22 மடங்கு, மற்றதன் விட்டம் 0.86 மடங்கு.