உலக விவகாரமும் நமது வாசற்படியும்



உலக விவகாரம் என்ற பேச்சை எடுத்ததும் நம்மவரில் பலர், "அது மந்திரிமார் கவனிக்கும் காரியம்; ஈப்போவில் கடை வைத்திருப்பவனுக்கும் தோட்டத்தில் குலை வெட்டுகிறவனுக்கும் அதில் என்ன வேலை?" என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். வேறு சிலரோ, ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளியே வந்ததும் கைத்தொலைபேசிக்கு வந்த செய்தி ஒன்றை வைத்துக்கொண்டு, காஷ்மீருக்கும் காஸாவுக்கும் அரைமணி நேரத்தில் தீர்ப்பு வழங்கிவிடுகிறார்கள். அறியாமல் ஒதுங்குவதும், அறியாமல் ஆர்ப்பரிப்பதும் ஒரே குறையின் இரண்டு முகங்கள். பேராக் மாநிலத்தில் வாழும் நமக்கு அக்குறை இருத்தலாகாது. ஏனெனில், தூர தேசங்களில் எடுக்கப்பட்ட முடிவுகள் இம்மண்ணில் பலமுறை அடுப்பை அணைத்திருக்கின்றன. சில வேளை அமைதியையும் கொண்டுவந்திருக்கின்றன. அவற்றுள் நான்கினை இப்பாடத்தில் எடுத்துக்கொண்டு, நிபுணர்கள் அவற்றை எவ்வாறு நோக்குகிறார்கள் என்பதையும், நாம் எவ்வாறு நோக்கவேண்டும் என்பதையும் ஆராய்வோம்.

1. ஈயம் கற்பித்த பாடம்

கிந்தாப் பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் உலகத்தின் தலைசிறந்த ஈய வயல்களில் ஒன்றாக விளங்கிற்று. ஈப்போவின் மாளிகைகளும் கடைத்தெருக்களும் ஈயத்தால் எழுந்தவை. பத்து காஜாவுக்கு அப்பால் தஞ்சோங் துவாலாங்கில் நிற்கும் ஈய மண் தோண்டும் பெருங்கப்பல் 1982-ல் ஓய்ந்து, இப்பொழுது காட்சிப் பொருளாக இருப்பதை நம் பிள்ளைகள் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்து வருகிறார்கள். அந்தக் கப்பல் ஓய்ந்த சில ஆண்டுகளில் அந்தத் தொழிலே சாய்ந்த கதையை அவர்களுக்கு எடுத்துச் சொல்பவர் குறைவு.

ஈயத்தின் விலை தாறுமாறாக ஏறி இறங்காதிருக்க, விற்கும் நாடுகளும் வாங்கும் நாடுகளும் கூடி 1956-ல் சர்வதேச ஈய ஒப்பந்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. விலை தாழும்போது பொதுப் பணத்தில் ஈயத்தை வாங்கிச் சேமித்து வைப்பது, விலை மிஞ்சும்போது அதை விற்பது என்பதே ஏற்பாடு. லண்டனில் இருந்த சர்வதேச ஈயக் கவுன்சில் இதை நடத்தியது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இவ்வேற்பாடு ஓடிற்று.

ஆனால் 1982-ல் ஆறாவது ஒப்பந்தம் வந்தபோது, மிகப் பெரிய வாங்குநராகிய அமெரிக்கா அதில் சேரவில்லை, பொலிவியாவும் சேரவில்லை. வெளியே நின்ற பிரேசில் ஈயத்தை மேன்மேலும் தோண்டி விற்றது. டப்பாக்களுக்கு அலுமினியம் புகுந்தது. போதாக்குறைக்கு, 1981-ல் மலேசிய அரசாங்கமே லண்டன் சந்தையில் மறைமுகமாக ஈயத்தை வாங்கி விலையை உயர்த்த முயன்று, 1982-ல் பெரும் நஷ்டப்பட்டது. இதைப் பிரதமர் டாக்டர் மகாதீர் 1986-ல் ஒப்புக்கொண்டார். இவ்வளவுக்கும் நடுவே, விலையைத் தாங்கிப் பிடிக்கக் கவுன்சில் கடன்மேல் கடன் வாங்கி ஈயத்தைச் சேர்த்துக்கொண்டே போயிற்று. 1985 அக்டோபர் 24-ஆம் நாள், "இனிக் கையில் பணமில்லை" என்று கவுன்சிலின் அதிகாரி அறிவித்ததும், லண்டனிலும் கோலாலம்பூரிலும் ஈய வியாபாரம் நின்றது. சந்தை திரும்பத் திறந்தபோது விலை பாதியளவுக்கு வீழ்ந்திருந்தது.

கிந்தாவில் ஈய லம்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. வேலையிழந்தவர் வேறு பிழைப்புத் தேடிக் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள், கடைத்தெருவும் மெலிந்தது. கவுன்சில் வைத்துப்போன ஏறக்குறைய 90 கோடி பவுன் கடனுக்கு, உறுப்பினராக இருந்த 22 நாடுகளும் சட்டப்படி பொறுப்பல்ல என்று 1989-ல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொல்லிற்று. வங்கிகளுக்குப் பின்னர் சமரசமாக ஒரு பங்கு கிடைத்தது. லம்பத்தில் மண் அள்ளியவனுக்காக வழக்காட எவரும் லண்டன் போகவில்லை.

ரப்பரின் கதையும் ஏறத்தாழ இதுவே. கோலாலம்பூரைத் தலைமையகமாகக் கொண்டு 1980-ல் தொடங்கிய சர்வதேச இயற்கை ரப்பர் அமைப்பு, 1997-ன் நாணயச் சரிவுக்குப்பின் விலையைத் தாங்கமாட்டாமல் 1999-ல் கலைந்தது. நிபுணர்கள் இதற்குப் பல காரணம் கூறுவர். நாம் நினைவில் நிறுத்தவேண்டியது ஒன்று: முக்கியமானவர்கள் வெளியே நிற்கும் ஒப்பந்தம் நெடுநாள் தாங்காது.

2. சுங்கை சிப்புட்டிலிருந்து பெய்ஜிங் வரை

1948 ஜூன் 16-ஆம் நாள் சுங்கை சிப்புட்டில் ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் பிறந்தது. 1960 வரை நீடித்த அந்நாட்களில் முள்வேலியும் ஊரடங்கும் தோட்ட மக்களுக்குப் பழகிப்போயின. அவசரகாலம் முடிந்த பின்னும் ஆயுதப் போராட்டம் 1968-ல் மீண்டும் மூண்டது. கிரிக்கிலிருந்து கிழக்கே போகும் நெடுஞ்சாலை, தாக்குதல்களுக்கு நடுவே கட்டப்பட்டு 1982-ல்தான் திறக்கப்பட்டது.

அதே 1968 ஜனவரியில், தன் படைகளைச் சூயஸுக்குக் கிழக்கேயுள்ள தளங்களிலிருந்து விலக்கிக்கொள்ளப் போவதாகப் பிரிட்டன் அறிவித்தது. 1957-ன் தற்காப்பு ஒப்பந்தத்தை நம்பியிருந்த நாட்டுக்கு இது பெரும் திகைப்பு. அப்பொழுது மந்திரி பதவியில் இல்லாத துன் டாக்டர் இஸ்மாயில், நாடாளுமன்றத்தில் எழுந்து ஒரு புதிய யோசனையைச் சொன்னார். தென்கிழக்காசியா எந்த வல்லரசின் பக்கமும் சாராமல் நடுநிலை வகிக்கவேண்டும்; அதை அமெரிக்கா, சோவியத் ரஷ்யா, சீனா மூன்றும் உறுதி செய்யவேண்டும் என்பதே அது. நடக்கிற காரியமா என்று அப்பொழுது ஐயுற்றவர் உண்டு. எனினும் நான்கே ஆண்டுகளுக்குள், 1971 நவம்பர் 27-ல், ஆசியான் நாடுகள் ஐந்தும் கோலாலம்பூரில் கூடி இப்பிரதேசத்தைச் சமாதான, சுதந்திர, நடுநிலை வட்டாரமாக்கும் பிரகடனத்தில் கையெழுத்திட்டன.

1974 மே 31-ல் துன் அப்துல் ரசாக் பெய்ஜிங்கில் சூ என்லாயுடன் கூட்டறிக்கையில் கையொப்பமிட்டார். ஆசியானில் சீனாவுடன் முதலில் உறவு ஏற்படுத்திக்கொண்ட நாடு மலேசியாவே. மறுநாளே துப்பாக்கிகள் ஓய்ந்துவிடவில்லை. சீனாவிலிருந்து ஒலித்த மலாயாக் கம்யூனிஸ்டு வானொலி 1981-ல்தான் நின்றது. 1989 டிசம்பர் 2-ல் ஹட்யாயில் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகே காடு அமைதியடைந்தது. ராஜதந்திரம் பால்மரத்தைப் போன்றது. இன்று நட்டுவிட்டு நாளைக்கே பால் கேட்கலாகாது.

3. 1965: இரண்டு நாடுகளின் நடுவே

நம் சமுதாயத்துக்கு மிக நெருக்கமான விஷயத்துக்கு இப்பொழுது வருவோம். 1965-ல் மலேசியா ஐக்கிய நாட்டுப் பாதுகாப்புச் சபையில் இடம் பெற்றது. அப்பொழுது மலேசியாவுடன் மோதலில் இருந்த இந்தோனேசியா, அதை ஆட்சேபித்து உலக சபையை விட்டே விலகிற்று. அவ்வாண்டு செப்டம்பரில் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் யுத்தம் மூண்டது. சபையில் மலேசியாவின் பிரதிநிதியாக இருந்தவர் வழக்கறிஞர் ஆர். ரமணி. அவருடைய பேச்சு இந்தியாவின் பக்கம் சாய்ந்தது என்று சினந்த பாகிஸ்தான், அக்டோபரில் மலேசியாவுடன் ராஜீய உறவைத் துண்டித்துக்கொண்டது. 1966-ல் உறவு மீண்டும் துளிர்த்தது.

ஒரு முஸ்லிம் நாடு இன்னொரு முஸ்லிம் நாட்டோடு உறவை முறித்ததற்குக் காரணம் மார்க்கமா? பேசியவர் ஓர் இந்தியர் என்பதா? நிலைமையை ஆராய்ந்தால் வேறொரு காரணம் தெரியவரும். இந்தோனேசிய மோதலில் இந்தியா மலேசியாவுக்கு ஆதரவு காட்டிற்று. பாகிஸ்தான் இந்தோனேசியாவோடு நெருங்கியிருந்தது. 1962-ல் இந்தியாவின்மீது சீனப் படையெடுப்பு நேர்ந்தபோது துங்கு அப்துல் ரஹ்மான் இந்தியாவுக்கு உதவ நிதி திரட்டியவர். அதே துங்குதான் பின்னாளில் இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் முதல் தலைமைச் செயலாளராகவும் பணியாற்றினார். மார்க்கப் பற்றும் நாட்டின் நலனும் ஒரே மனிதரிடத்தில் எவ்வாறு சேர்ந்து நின்றன என்பதை நாம் கவனிக்கவேண்டும்.

தமிழ் முஸ்லிம்களாகிய நம்மை மூன்று கயிறுகள் பிணைத்திருக்கின்றன: ஈமான், தாய்மொழி, பிறந்து வாழும் இந்நாடு. உலக விவகாரத்தில் இவை சில சமயம் வெவ்வேறு பக்கம் இழுக்கும். அப்பொழுது ஏதேனும் ஒன்றை அறுத்தெறி என்று சொல்பவர் நமக்கு நண்பராகார். எந்தப் பக்கம் நம்மவர் என்று பாராமல் எந்தப் பக்கம் நியாயம் என்று பார்க்கும்படியும், உற்றாருக்கு எதிரானதாயினும் நீதியின் பக்கமே நிற்கும்படியும் மார்க்கம் பணித்திருக்கிறது. அந்த அளவுகோல் ஒன்றே மூன்று கயிறுகளையும் அறாமல் காக்கும்.

4. செம்பனையும் ஒரு சொற்பொழிவும்

பேராக்கில் பால்மரங்கள் நின்ற தோட்டங்களில் பெரும்பாலானவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. அந்த எண்ணெய்க்கு இந்தியா பெரிய வாடிக்கைக்காரர். 2019-ல் ஏறக்குறைய 44 லட்சம் டன் வாங்கி முதலிடத்தில் இருந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் ஐக்கிய நாட்டுச் சபையில் டாக்டர் மகாதீர், காஷ்மீரில் இந்தியா எடுத்த நடவடிக்கையைக் கண்டித்துப் பேசினார். அக்டோபரில் இந்திய எண்ணெய் வியாபாரிகளின் சங்கம் ஒன்று, மலேசிய எண்ணெயைத் தவிர்க்கும்படி தன் அங்கத்தினர்களுக்குச் சொல்லிற்று. டிசம்பரில் இந்தியாவின் குடியுரிமைச் சட்டத் திருத்தத்தையும் அவர் குறை கூறினார். 2020 ஜனவரி 8-ல் இந்திய அரசு, சுத்திகரித்த பாமாயில் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. ஆணையில் மலேசியாவின் பெயர் இல்லை. யாரைக் குறித்தது என்பது எல்லாருக்கும் புரிந்தது. பதிலடி கொடுக்கும் அளவுக்கு நாம் பெரிய நாடல்ல என்று பிரதமரே சொல்ல நேர்ந்தது. பிப்ரவரியில் அவர் பதவி விலகினார். மே மாதத்தில் மலேசியா இந்தியாவிலிருந்து ஒரு லட்சம் டன் அரிசி வாங்க இணங்கிற்று. இந்திய வியாபாரிகளும் திரும்ப எண்ணெய் வாங்கத் தொடங்கினார்கள். இடையில் நேர்ந்த விலை வீழ்ச்சிக்குக் கொரோனா நோயும் காரணமாதலால், முழுப் பழியையும் ஒரு சொற்பொழிவின் தலையில் சுமத்துவது நியாயமாகாது.

இங்கே நிபுணர்கள் இரண்டு பக்கமாகப் பிரிகிறார்கள். ஒரு சாரார், "சிறிய நாட்டுக்குப் பீரங்கி இல்லை, சொல்தான் ஆயுதம். அநீதி கண்டு வாய்மூடினால் அதுவும் போய்விடும்" என்பர். மற்றொரு சாரார், "வியாபாரக் கூட்டாளியைப் பகிரங்கமாக இடித்துரைப்பதால் பாதிக்கப்பட்டவனுக்குப் பயனில்லை, நம் தொழிலாளிக்கே நஷ்டம். தனியே சொல்லவேண்டியதைத் தனியே சொல்" என்பர். இருவர் சொல்லிலும் உண்மை உண்டு.

பழைய உதாரணம் ஒன்று இவ்வழக்கைத் தெளிவாக்கும். 1960-ல் காமன்வெல்த் பிரதமர்கள் மாநாட்டில் துங்கு, தென்னாப்பிரிக்காவின் நிறவெறியைக் கண்டித்தார். மலாயா சுதந்திரம் பெற்று மூன்றாண்டுகூட ஆகாத காலம் அது. மறு ஆண்டே தென்னாப்பிரிக்கா காமன்வெல்த்தை விட்டு வெளியேறியது. அன்று துங்குவோடு வேறு ஆசிய, ஆப்பிரிக்கத் தலைவர்களும், கனடாவின் பிரதமரும் ஒத்து நின்றார்கள். காஷ்மீர் விஷயத்தில் மலேசியாவோடு நின்றவர் மிகச் சிலர். நியாயமான சொல்லாயினும், துணையோடு சொன்னால்தான் அதற்குப் பலம் பிறக்கிறது. ஈய ஒப்பந்தம் வீழ்ந்ததும் துணை குறைந்ததால். 1971-ன் பிரகடனம் நிலைத்ததும் ஐவர் சேர்ந்ததால். இந்நான்கு வரலாறுகளையும் கோத்துப் பார்த்தால் கிடைக்கும் சாரம் இதுவே.

5. நிபுணர் சொல்லை நிறுப்பது எப்படி?

இனி ஓர் உலகச் செய்தியோ நிபுணரின் கருத்தோ நம் காதில் விழுந்தால், நான்கு கேள்விகளைக் கேட்டுப் பழகுவோம்.

முதலாவது, செய்தி எங்கிருந்து வந்தது? தீர விசாரிக்காமல் செயற்பட்டால் அறியாமல் பிறருக்குத் தீங்கு செய்துவிடுவோம் என்பது நம் மார்க்கம் தரும் எச்சரிக்கை. அனுப்பியவர் நல்லவர் என்பதால் அனுப்பிய செய்தி மெய்யாகிவிடாது.

இரண்டாவது, பேசுகிறவர் எந்த நலனை மனத்தில் வைத்துப் பேசுகிறார்? வியாபாரியின் நிபுணரும் ராணுவத்தின் நிபுணரும் ஒரே கடலைப் பார்த்து வெவ்வேறு அலையை எண்ணுவார்கள்.

மூன்றாவது, இந்த நிலைப்பாட்டில் நம் நாட்டோடு யார் நிற்கிறார்கள்? துணை இல்லையெனில், அதைத் தேடுவதற்கு என்ன முயற்சி நடந்தது?

நான்காவது, இதன் சுமை முதலில் யார் தோளில் விழும்? கொள்கைக்காக நஷ்டம் ஏற்பது சில வேளை கடமையே. ஆனால் அந்த நஷ்டத்தைக் குலை வெட்டும் கூலியாள் மட்டும் சுமந்து, கொள்கை பேசுகிறவர்கள் புகழை மட்டும் எடுத்துக்கொள்வது நீதியன்று. கொள்கை வேண்டுமென்று கேட்கும் சமுதாயம், அதனால் நலிபவனுக்குக் கைகொடுக்கவும் ஆயத்தமாக இருக்கவேண்டும். ஈயம் வீழ்ந்தபோது நாம் பெறத்தவறிய பாடம் இது.

பலஸ்தீன விஷயத்தில் இந்நாட்டு மக்கள் ஒருமித்து நிற்பது நமக்குப் பெருமை. 2023 டிசம்பரில் மலேசியா தன் துறைமுகங்களை இஸ்ரவேல் கப்பல் நிறுவனத்துக்கு மூடியது. அங்கேயும் இந்த நான்கு கேள்விகளைக் கேட்பது நம் ஆதரவைக் குறைக்காது; வதந்தியை விலக்கி, உதவியைச் சரியான கைகளில் சேர்க்கும்.

வாசகர்கள் தத்தம் வீட்டிலும் ஜமாஅத்திலும் கலந்து பேச மூன்று வினாக்களை முன்வைக்கிறோம். நம் குடும்பத்துப் பெரியவர்களில் 1985-ல் ஈயத்தொழில் வீழ்ந்தபோது பாதிக்கப்பட்டவர் எவர்? 2019-ல் மலேசியா பேசியிருக்க வேண்டுமா, பேசியிருந்தால் யாரோடு சேர்ந்து? நம் பிள்ளைகளுள் ஒருவரேனும் ராஜீயத் துறையிலோ சர்வதேசச் சட்டத்திலோ கற்றுத் தேற நாம் செய்யத்தக்கது யாது?

உலகைத் தெளிவாக அறியும் அறிவையும், அறிந்ததை நீதியோடு பேசும் நாவையும், பேசியதற்கேற்ப உதவும் கையையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.