முதன்மொழியும் இரண்டாம் மொழியும் கற்கும் வகை

குழந்தைக்கு எம்மொழியும் எளிது, வளர்ந்தோர்க்கு எம்மொழியும் அரிது என்பது பலர் வாயிலும் வழங்கும் கூற்று. இதனை நம்பியே, கடல்கடந்து வாழும் நம் பழைய மாணவர் சிலர், தம் மக்கட்குத் தமிழ் தானாகவே வந்துவிடும் என்று வாளாவிருக்கின்றனர். ஊரிலுள்ளார் சிலரோ, நாற்பது வயதின்மேற் சிங்களம் நாவில் ஏறாது எனக் கூறிப் புத்தகத்தை மூடிவிடுகின்றனர். கூற்றிற் பாதி மெய்யாதலின், மற்றைப் பாதியின் பொய்ம்மை எளிதிற் புலப்படுவதில்லை. மொழி கற்பித்தலையே தொழிலாகவுடைய யாம் இதுபற்றிச் சில கூற விரும்புகின்றோம்.

மெய்யான பாதியை முதற்கண் நோக்குவாம். குழவி முதன்மொழியைக் கற்பது செவியினாலாம். வாய் திறக்குமுன்னரே செவி பெருந்தொழிலைச் செய்துவிடுகின்றது. கனடாவில் நிகழ்ந்து 1984 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆங்கிலமே வழங்கும் வீடுகளிற் பிறந்த குழந்தைகட்கு, நம் டகர தகரங்களை ஒத்த இரண்டு இந்தி ஒலிகள் கேட்பிக்கப்பட்டன. ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் அவற்றின் வேறுபாட்டை உணர்ந்தன. பத்துப் பன்னிரண்டு மாதமானவற்றுட் பெரும்பாலானவை உணரவில்லை. வீட்டுமொழிக்கு வேண்டாத வேறுபாட்டைச் செவி கைவிட்டுவிட்டது. ஆங்கிலேயர் 'தமிழ்' என்பதனை 'டமில்' என்பது ஏளனத்தினால் அன்று என்க.

செவியாற் கொண்டதைக் குழந்தை கிளிபோல் ஒப்புவிக்கின்றதோ எனின், அன்று. 1958 இல் ஜீன் பெர்க்கோ என்னும் அமெரிக்க அறிஞர், பறவைபோன்றதொரு பிராணியின் படத்தைச் சிறுவர்க்குக் காட்டி, அதற்கு 'வக்' என்று தாமே ஒரு பெயரிட்டார். பின்னர் அத்தகைய பிராணி இரண்டினைக் காட்டி, இவை யாவை என வினவினார். உலகில் இல்லாத அச்சொல்லுக்குச் சிறுவர் பலர் ஆங்கிலப் பன்மை விகுதியைச் சேர்த்து விடை கூறினர். எவரும் சொல்லக் கேளாத சொல்லைப் பிள்ளை கூறுமாயின், விதியொன்றை அது தன்னுள்ளே அமைத்துக்கொண்டது என்பது தெளிவு. பெயர் சொல்லிக் கற்பியாத இலக்கணம் அது.

இனி, வளர்ந்தோர் நிலை. நெதர்லாந்திற் குடியேறிய ஆங்கிலம் பேசுவோர் டச்சுமொழி கற்றவாற்றினை ஆராய்ந்த இருவர் 1978 இல் வெளியிட்ட முடிபு பலர்க்கும் வியப்பளித்தது. முதற் சில மாதங்களில் விரைந்து முன்னேறியோர் பன்னிரண்டு வயதின்மேற்பட்ட சிறுவரும் வளர்ந்தோருமே. மூன்று முதல் ஐந்து வயதினரோ எல்லோர்க்கும் பின்னின்றனர். நெடுங்காலம் செல்லின் இளையோர் முந்துவர் என்பது உண்மையே. ஒலிப்பில் அவர்க்கு நிகராதல் வளர்ந்தோர்க்கு மிக அரிது. ஆயினும் தொடக்கத்தில் வளர்ந்தவனுடைய பகுத்தறிவு அவனுக்குத் துணையாகின்றது. 2018 இல் வெளிவந்த பிறிதோர் ஆய்வு, ஏறத்தாழ 6,70,000 பேருடைய ஆங்கில இலக்கண அறிவைச் சோதித்து, இலக்கணத்தைப் பற்றிக்கொள்ளும் ஆற்றல் பதினேழு வயதளவும் பெரிதும் குன்றாது நிற்கும் என மதிப்பிட்டது. அதன்மேற் குன்றும் என்பதற்கு அற்றுப்போம் என்பது பொருளன்று. இத்தாலியிற் பிறந்த வீரமாமுனிவர் இந்தியாவுக்கு வந்தது 1710 இல், தம் முப்பதாவது வயதில். சதுரகராதியும் தேம்பாவணியும் அதன்பின் எழுந்தவை. கொடுந்தமிழுக்கு ஓரிலக்கணமும் செந்தமிழுக்கு ஓரிலக்கணமுமாக அவர் இலத்தீனில் வகுத்தார் என்பதை நாம் குறித்துக்கொள்ளல் தகும். பேசும் மொழியும் எழுதும் மொழியும் வேறென்பதை வேற்றுநாட்டார் ஒருவர் அத்துணைத் தெளிவாகக் கண்டார்.

குழந்தைக்கு எளிது என்கின்றோமே, அது கேட்கும் காலத்தின் அளவு எவ்வளவு? நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் பேச்சைக் கேட்கின்றது எனக் கொள்ளினும், நான்கு ஆண்டில் 7,300 மணி நேரமாகும். வகுப்பறையிலோ, வாரத்தில் நாற்பது நிமிடப் பாடவேளை மூன்று, ஆண்டில் முப்பத்தைந்து வாரம் எனக் கொள்வோம். ஆண்டுக்கு 70 மணி. ஆறாண்டு கற்பினும் 420 மணி. இது குழந்தைக்கு எண்பத்துநான்கு நாளிற் கிடைத்துவிடும் கேள்வி. எண்பத்துநான்கு நாட் குழவி பேசவில்லையென்று அதனை மந்தபுத்தி என்பார் எவருமிலர். நம் மாணாக்கரை மட்டும் அவ்வாறு கூறத் தயங்குகின்றோமில்லை.

அந்த 420 மணியையும் நாம் செலவிடும் வகை எத்தகையது? சிங்களத்தையே எடுத்துக்கொள்வோம். சொற்கிடக்கை முறையில் அது தமிழுக்கு மிக அணித்து. வினை இறுதியில் நிற்கும். ஆங்கிலத்தில் இடர்ப்படும் பிள்ளைக்கும் இஃது எளிதாதல் வேண்டும். இடர் முதலில் ஒலியில் உளது. தமிழெழுத்தில் 'கல்' என்றே எழுதத்தக்க இரு சொற்கள் சிங்களத்தில் உள. முதலெழுத்தை நாம் 'கடல்' என்பதில் ஒலிக்குமாறு ஒலித்தால் காலம் என்பது பொருள். 'தங்கம்' என்பதன் நடுவே ஒலிக்குமாறு ஒலித்தால் கற்கள் என்பது பொருள். இரண்டொலியும் நம் வாயில் உள்ளனவே. சொன்முதலிற் பொருளை வேறுபடுத்தும் கருவியாக அவற்றைக் கேட்டுப் பழகாமையே குறை. சிங்களப் பிள்ளை 'வால்', 'வாள்' என்பவற்றில் மயங்குவதும் இத்தகையதே. ளகரத்துக்கு எழுத்து அவர்கட்கும் உண்டு; பேச்சில் அதற்கெனத் தனியொலி இல்லை. (ழகரத்தைப் பற்றி நம்மவர் பிறரைக் குறைகூறாதிருத்தல் நன்று.)

அடுத்தது இன்னும் பெரிது. சிங்களத்திலும் எழுத்து வழக்கு வேறு, பேச்சு வழக்கு வேறு. பேசுவோர் 'மம யனவா', 'எயா யனவா', 'எயாலா யனவா' என்பர். யார் போயினும் வினைச்சொல் மாறுவதில்லை. எழுதும்போதோ 'மம யமி', 'ஒஹு யயி', 'ஒவுஹு யதி' என இடத்துக்கேற்ப மாறும். எழுத்தையும் 'யமி' வாய்பாட்டையும் முதலிற் பயின்று, தேர்விற் சிறந்த புள்ளி பெற்ற மாணாக்கன், கொழும்புப் பேருந்து நிலையத்தில் வழிகேட்க வாயெழாது நிற்கின்றான். இழப்பு அவனளவில் நிற்பதன்று. அரச சேவையிற் சேர்வோர் மற்றை அரசகரும மொழியிலும் தேர்ச்சி காட்டல் வேண்டும். அன்றியும், ஒரு தீவில் வாழும் இரு சாரார் ஒருவரோடொருவர் பேசுதற்கு மூன்றாவதொரு மொழியைத் தேடுவது பெருமைக்குரியதன்று. தொடக்க ஆண்டில் எழுத்தைச் சிறிது பொறுத்து, கேட்டலுக்கும் விடைகூறலுக்கும் பாடவேளையின் பெரும்பகுதியைக் கொடுத்தல் தக்கது என்பது எம் கருத்து. இலக்கண விதியை வளர்ந்த மாணாக்கர்க்கு ஒளித்தல் வேண்டா. அவர் அதனை வேண்டுவர், அதனாற் பயனும் கொள்வர். பேசிப் பழகிய வாக்கியங்களுக்குப் பின் அவ்விதி வருதல் வேண்டும், அவ்வளவே.

தமிழ்ப்பாடத்திலும் இது பொருந்தும். வீட்டில் 'அவையள் போகினம்' என்று வளர்ந்த பிள்ளை, பள்ளியில் 'அவர்கள் போகிறார்கள்' என எழுதுங்கால், ஓரளவு இரண்டாம் மொழியொன்றையே கற்கின்றது. அதன் வீட்டுப் பேச்சைப் பிழையென்று கண்டிக்கும் ஆசிரியர், கட்டடத்தின் அடித்தளத்தையே இடிப்பவராவர்.

கடல்கடந்து வாழ்வோர்க்கு ஒன்று கூறல் வேண்டும். முதலிற் கற்றது என்பதனால் மட்டும் ஒரு மொழி நிலைத்துவிடாது. கொரியாவிற் பிறந்து, மூன்று முதல் எட்டு வயதிற்குள் பிரெஞ்சுக் குடும்பங்கட்குத் தத்துக் கொடுக்கப்பட்ட எண்மரை வளர்ந்தபின் ஆராய்ந்து, 2003 இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. கொரிய மொழி வாக்கியங்களை ஏனைய அறியா மொழிகளினின்றும் அவர்களாற் பிரித்தறிய இயலவில்லை. எட்டு வயதுப் பிள்ளை எவ்வளவு பேசும் என்பதை நாம் அறிவோம், அவ்வளவும் மறைந்தது. விரைவிற் பெறுவதனை வழங்காதுவிடின் விரைவில் இழக்கவும் வல்லது குழந்தை. பேர்ப்பிள்ளைகள் தமிழைக் கேட்டு விளங்கி ஆங்கிலத்தில் விடை கூறுகின்றனர் எனப் பலர் எமக்கு எழுதுகின்றனர். செவி இன்னும் திறந்திருக்கின்றது என்பதற்கு அதுவே சான்று. தொலைபேசியிற் பேசும் பாட்டனார் பாட்டியார், பிள்ளை தமிழில் விடைகூறுமளவும் சிறிது பொறுத்திருந்து, பூனையைப் பற்றியும் சோற்றைப் பற்றியும் கேட்பாராக. 'அவையள் போகினம்' என்றே அது கூறட்டும். 'போகிறார்கள்' என்பதனைப் பின்னர் ஆசிரியர் பார்த்துக்கொள்வர்.