பதில் எழுதியவன் சொல்லும் யோசனை

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. முதல்முறையாக மக்களவைக்குப் போயிருக்கும் ஓர் உறுப்பினரிடம் நீ உதவியாளராகச் சேர்ந்திருப்பதாக உன் அப்பா போனில் சொன்னான். கூட்டத்தொடருக்குக் கேள்விகள் தயாரிப்பது உன் பொறுப்பு என்றும், பெரியப்பாவைக் கேட்டால் தெரியும் என்று உன்னிடம் சொல்லியிருப்பதாகவும் சொன்னான். ஒன்றை முதலிலேயே தெரிந்துகொள். டெல்லியில் உத்தியோகம் பார்த்த காலம் முழுக்க நான் கேள்வி கேட்கிற பக்கத்தில் இருந்ததில்லை. கேட்டவர்களுக்குப் பதில் எழுதிக் கொடுக்கிற பக்கத்தில் இருந்தேன். மந்திரி எழுந்து வாசிக்கிற அந்த நாலு பத்திப் பதிலை முதலில் எழுதுவது என்னைப் போல ஒரு செக்‌ஷன் ஆபீசர்தான். எந்தக் கேள்வி வந்தால் ராத்திரி பத்து மணிவரை ஆபீசில் உட்கார வேண்டியிருக்கும், எது வந்தால் டீ ஆறுவதற்குள் முடித்துவிடலாம் என்பது எங்களுக்கு அத்துப்படி.

டீ ஆறுவதற்குள் முடிகிற கேள்வி எப்படி இருக்கும் தெரியுமா? "(அ) நாட்டில் குடிநீர்ப் பற்றாக்குறை கடுமையாகியிருப்பது உண்மையா? (ஆ) ஆம் எனில் அதன் விவரம் என்ன? (இ) அரசு எடுத்துள்ள நடவடிக்கைகள் என்ன?" உன் எம்.பி. தொகுதி முழுக்க அலைந்து, பெண்கள் காலிக் குடத்தோடு மறித்ததைப் பார்த்து, மனம் நொந்து இதைக் கேட்டிருப்பார். எங்களுக்கோ இது பழைய பதிலைத் தூசி தட்டி எடுக்கிற வேலை. "குடிநீர் மாநில அரசின் பொறுப்பு, மத்திய அரசு நிதியுதவியும் தொழில்நுட்ப உதவியும் அளிக்கிறது" என்று தொடங்கி, ஜல் ஜீவன் திட்டம் 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்டது என்று நடத்திக்கொண்டு போய், ஓர் இணைப்பு அட்டவணையில் முடித்துவிடுவோம். அதிலே ஒரு பொய் இருக்காது. உன் எம்.பி.க்குப் பயன்படுகிற ஒரு வரியும் இருக்காது.

இதே விஷயத்தைச் சின்னதாக்கிக் கேட்டுப் பார். போன மூன்று நிதியாண்டில் நம் மாநிலத்துக்கு ஆண்டுவாரியாக எவ்வளவு ஒதுக்கினீர்கள், எவ்வளவு விடுவித்தீர்கள், கடைசிப் பயன்பாட்டுச் சான்றிதழ் எந்தத் தேதியில் வந்தது, இந்த மாவட்டத்தில் குழாய் போட்டும் தண்ணீர் வராத வீடுகள் என்று ஆய்வில் தெரிந்தவை எத்தனை? இப்போது மாநிலத்தின் தலையில் தள்ள முடியாது, ஏனென்றால் பணம் விடுவித்த பைல் எங்கள் அலமாரியில் இருக்கிறது. சென்னைக்குப் போன் போகும், சென்னையிலிருந்து கலெக்டர் ஆபீசுக்குப் போகும். கேள்வி அவையில் வருவதற்கு முன்பே நாலு இடத்தில் பைல் நகர்ந்திருக்கும். பாதி நேரம் கேள்வியின் பலன் அந்த நகர்வுதான், பதில் அல்ல.

"உண்மையா?" என்று தொடங்காதே. இது பரம்பரையாக வருகிற பழக்கம், விடுவது கஷ்டம். ஆனால் முதல் பிரிவுக்கு "இல்லை" என்று எழுதிவிட்டால், அடுத்த மூன்று பிரிவுக்கும் "கேள்வி எழவில்லை" என்று ஒரே வரியில் பூட்டிவிடலாம். நாங்கள் அதற்காகவே காத்திருப்போம். ஒவ்வொரு பிரிவும் தன் காலில் நிற்கும்படி எழுது.

யாரைக் கேட்கிறாய் என்பதும் பெரிய விஷயம். 2020 செப்டம்பர் கூட்டத்தொடரை எடுத்துக்கொள். கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தையே ரத்து செய்துவிட்டார்கள். எழுத்துப் பதில் மட்டும்தான். ஊரடங்கில் நடந்தே ஊர் திரும்பிய தொழிலாளர்களில் எத்தனை பேர் செத்தார்கள் என்று மக்களவையில் தொழிலாளர் அமைச்சகத்தைக் கேட்டார்கள். அப்படிப்பட்ட புள்ளிவிவரம் பராமரிக்கப்படவில்லை என்று பதில். இழப்பீடு பற்றிய பிரிவுக்கு, மேற்சொன்னதன்படி கேள்வி எழவில்லை. நாடே கொதித்தது. அதே வாரத்தில் மாநிலங்களவையில் டெரிக் ஓ'பிரையன் ரயில்வேயைக் கேட்டார். தொழிலாளர்களை ஊருக்கு ஏற்றிச்சென்ற ஷ்ரமிக் சிறப்பு ரயில்களில் பயணத்தின்போது இறந்தவர்கள், மாநிலக் காவல்துறை தந்த தகவலின்படி, செப்டம்பர் 9 வரை 97 பேர் என்று பதில் வந்தது. ஒரே அரசாங்கம், ஒரே வாரம். ஒரு துறையில் கணக்கே இல்லை, இன்னொன்றில் 97 இருக்கிறது. ரயிலில் ஓர் உடல் கிடந்தால் காவல்துறை அதைப் பதிவு செய்தே ஆக வேண்டும். நெடுஞ்சாலையில் விழுந்தவரைத் தொழிலாளர் அமைச்சகத்தில் யார் எழுதி வைக்கப்போகிறார்கள்? ஆகவே எழுதுவதற்கு முன், இந்த விவரம் எந்த ஆபீசின் பதிவேட்டில் ஏறுகிறது என்று யோசி.

இன்னொன்று உனக்கு நேராகச் சுடும். மனிதக் கழிவை மனிதரே அள்ளும் வேலையில் யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்று 2021 ஜூலை கடைசியில் சமூகநீதி அமைச்சகம் மாநிலங்களவையில் சொன்னது. பாதாளச் சாக்கடையும் கழிவுநீர்த் தொட்டியும் சுத்தம் செய்யும்போது 1993 முதல் 941 பேர் இறந்திருக்கிறார்கள் என்று ஆகஸ்டில் அதே அமைச்சகம் அதே அவையில் சொன்னது. அதில் நம் தமிழ்நாடுதான் முதலிடம், 213 பேர். முதல் பதில் பொய்யா என்றால் சட்டப்படி இல்லை. இந்த வேலையைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் கழிப்பறையில் அள்ளுவதை ஒரு தலைப்பிலும், சாக்கடைக்குள் இறங்குவதை வேறு தலைப்பிலும் வைத்திருக்கிறது. ஊர்ப் பேச்சில் கேட்டால் சட்டத்தின் சந்தில் நழுவிவிடுவோம். கேள்வி எழுதும் முன் அந்தச் சட்டத்தின் இரண்டாம் பிரிவைப் படித்துவிடு. வரையறைகள் அங்கேதான் இருக்கின்றன.

நடைமுறை விஷயங்களைச் செயலகத்தின் கையேட்டில் படித்துக்கொள்வாய், சுருக்கமாகச் சொல்கிறேன். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு மந்திரி வாயால் பதில் சொல்ல வேண்டும், மக்களவையில் நாளொன்றுக்கு 20. குறியில்லாதவை 230, எல்லாம் எழுத்தில். முழுதாக 15 நாள் முன்பே நோட்டீஸ் கொடுக்க வேண்டும், கேள்வி 150 சொல்லைத் தாண்டக் கூடாது. வாதம், ஊகம், கிண்டல், அடைமொழி எதுவும் கூடாது. கருத்தும் கேட்கக் கூடாது. குலுக்கலில்தான் இடம் கிடைக்கும். ஒரு நாளைக்கு ஓர் உறுப்பினருக்கு ஒரு நட்சத்திரக் கேள்விதான். அது கிடைத்தாலும் வரிசையில் முன்னால் இல்லையென்றால் முறை வராது. இருபதையும் ஒரே நாளில் எடுத்து முடித்தது 2019 நவம்பர் 27ஆம் தேதி. அதற்கு முன் அப்படி நடந்தது 1972இல். பதினாலாவது இடத்தில் கேள்வி வந்திருக்கிறது என்று உன் எம்.பி. புதுச்சட்டை தைக்க வேண்டாம்.

முறை வந்துவிட்டால் நாங்கள் உண்மையாகப் பயப்படுகிற நேரம் அதுதான். அச்சடித்த பதில் காலையிலேயே கைக்கு வந்துவிடும். அதன்மேல் கேள்வி கேட்டவருக்கு இரண்டு துணைக்கேள்வி உண்டு. மந்திரி கையில் ஒரு தடித்த கோப்பு இருக்கும். என்னென்ன துணைக்கேள்வி வரலாம் என்று நாங்களே கேட்டு நாங்களே பதில் எழுதி வைத்தது. அதிகாரிகள் மாடத்தில் உட்கார்ந்திருப்போம், அதில் இல்லாதது ஏதாவது வந்தால் துண்டுச் சீட்டு பறக்கும். புது உறுப்பினர்கள் பெரும்பாலும் என்ன செய்கிறார்கள்? கிடைத்த நேரத்தில் ஒன்றரை நிமிடம் பிரசங்கம், கடைசியில் "இதற்கு அரசு என்ன செய்யப்போகிறது?" மந்திரி சிரித்துக்கொண்டே திட்டத்தின் பெருமையைச் சொல்லி உட்கார்ந்துவிடுவார். பதிலின் இணைப்பில் ஓர் எண் இடிக்கும், எப்போதும் ஒன்று இடிக்கும். ஒதுக்கியது இவ்வளவு, செலவழித்தது அதில் மூன்றில் ஒரு பங்கு, ஏன்? அவ்வளவுதான் துணைக்கேள்வி. பத்து விநாடி போதும். டிவியில் எடுபடாது என்று உன் எம்.பி. சங்கடப்படலாம். அவரைச் சம்மதிக்க வைப்பதுதான் உன் வேலையிலேயே கடினமானது, அதில் என்னால் உதவ முடியாது.

எதிர்க்கட்சி மட்டும்தான் கேள்வியால் ஆட்டம் காட்ட முடியும் என்று நினைக்காதே. 1957இல் எல்.ஐ.சி. தொடங்கி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. ஹரிதாஸ் முந்த்ரா என்பவரின் கம்பெனிகளில் ஏறக்குறைய ஒன்றேகால் கோடி ரூபாயைப் போட்டிருந்தார்கள். செப்டம்பரில் ராம் சுபக் சிங் கேட்டார், வழவழ பதில் வந்தது. டிசம்பரில் பெரோஸ் காந்தி பிடித்துக்கொண்டார். இருவருமே ஆளும் காங்கிரஸ்காரர்கள். பெரோஸ் பிரதமரின் மருமகன் வேறு. நீதிபதி சாக்ளா விசாரணை நடத்தினார், அதுவும் பொதுமக்கள் முன்னிலையில். 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி ராஜினாமா செய்தார். முதல் வழவழ பதிலை வாங்கிக்கொண்டு எல்லோரும் பேசாமல் இருந்திருந்தால் அது அத்தோடு போயிருக்கும். உன் எம்.பி. எந்தக் கட்சி வரிசையில் உட்கார்ந்திருந்தாலும் இது பொருந்தும்.

பேசாமல் விடுவது என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. "பரிசீலனையில் உள்ளது", "தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்" என்று பதில் வந்தால் வருத்தப்படாதே, அது ஒரு கடன் பத்திரம். அதற்கென்றே 1953 முதல் மக்களவையில் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்று கணக்கு. இழுத்தடிப்போம், அவகாசம் கேட்போம், அது வேறு கதை. ஆனால் பட்டியலில் இருக்கும்வரை பைலை மூட முடியாது. தனியாக ஒரு நோட்டுப் போட்டு, தேதியோடு எழுதி வை. பதில் போதவில்லை என்றால் அரைமணி நேர விவாதத்துக்கும் நோட்டீஸ் கொடுக்கலாம்; அதை யாரும் அதிகம் பயன்படுத்துவதில்லை.

கடைசியாக, உன்னைத் தேடி ஆட்கள் வருவார்கள். கோட்டுப் போட்டுக்கொண்டு, கேள்வியைத் தாங்களே அழகாக டைப் செய்து எடுத்து வருவார்கள். சில சமயம் நல்ல கேள்வியாகவே இருக்கும். போட்டிக் கம்பெனியின் டெண்டர் விவரம் கேட்பதாகவும் இருக்கும். 2005 டிசம்பரில் பணம் வாங்கிக்கொண்டு கேள்வி கேட்டதாக ரகசியக் கேமராவில் சிக்கிய 11 உறுப்பினர்களை இரண்டு அவைகளும் நீக்கின. பத்துப் பேர் மக்களவை, ஒருவர் மாநிலங்களவை. அந்தப் பேரங்களில் தரகர்களும் உதவியாளர்களும் நடுவில் நின்றார்கள். சேதி எங்கிருந்து வந்தாலும் கேட்டுக்கொள். ஆனால் கேள்வியை நீயே எழுது, உன் எம்.பி. படித்துக் கையெழுத்திடட்டும். கேள்வி அனுப்பும் இணையதளத்தின் கடவுச்சொல்லை யாருக்கும், எதற்காகவும் கொடுக்காதே. தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் வந்தாலும் திருப்பி அனுப்பிவிடு, பெரியம்மா செய்து அனுப்புவாள்.

இப்போது ஒரு வேலை தருகிறேன். உன் தொகுதியில் உனக்கு நன்றாகத் தெரிந்த மூன்று விஷயத்தை எடுத்து, மூன்று கேள்வி எழுதி எனக்கு அனுப்பு. நான் பழைய செக்‌ஷன் ஆபீசராக உட்கார்ந்து பதில் எழுதித் தருகிறேன். எவ்வளவு நழுவ முடியுமோ அவ்வளவு நழுவுவேன், பெரியப்பா என்று தயவு பார்க்க மாட்டேன். நழுவின சந்துகளையெல்லாம் அடைத்து மறுபடி அனுப்பு. நோட்டீஸ் தேதி நெருங்கிய பிறகு அனுப்பினால் பிரயோஜனமில்லை, இந்த வாரமே தொடங்கிவிடு.

அன்புடன்,
பெரியப்பா