தங்கை மறுபடியும் கூண்டேற வேண்டுமா?

கேள்வி: என் தங்கைக்கு நடந்த கொடுமைக்காக மகளிர் நீதிமன்றம் எதிரிக்குப் பத்தாண்டு சிறைத் தண்டனை கொடுத்தது. அவன் இப்போது உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் மேல்முறையீடு செய்திருக்கிறான். “பார்த்த சாட்சி கிடையாது, புகார் கொடுத்ததே நாலு நாள் கழித்து, உடம்பில் காயமில்லை, நேரத்தை ஒருமுறை ஐந்து மணி என்றும் ஒருமுறை ஆறரை என்றும் சொன்னாள், மேலே போனால் வழக்கு நிற்காது” என்று ஊரில் பேசுகிறார்கள். தங்கை சாப்பிடுவதையே நிறுத்திவிட்டாள். அவள் திரும்பவும் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்குமா?
- வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: இதை இன்றைக்கே உங்கள் தங்கையிடம் சொல்லுங்கள், அம்மா. அவர் மறுபடியும் கூண்டேற வேண்டியிருக்காது. மேல்முறையீட்டில் சாட்சிகளைத் திரும்ப விசாரிப்பது வழக்கமில்லை. கூடுதல் சாட்சியம் எடுக்கச் சட்டத்தில் வழியுண்டு என்றாலும் அது மிக அபூர்வம். அவர் கொடுத்த சாட்சியம், குறுக்கு விசாரணை, மருத்துவச் சான்று, முதல் தகவல் அறிக்கை எல்லாம் ஒரு கட்டாக மேலே போகும். நீதிபதிகள் அதைத்தான் படிப்பார்கள்.

அதிலேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. சொல்லும்போது அவர் குரல் உடைந்தது தாளில் ஏறாது. சாட்சியின் நடத்தையைப் பற்றி விசாரணை நீதிபதி குறிப்பெழுதச் சட்டம் இடம் தந்தும், நான் புரட்டிய பல கட்டுகளில் அப்படி ஒரு வரிகூட இருந்ததில்லை. எனவே பதிவான சொற்களே அவருக்காகப் பேச வேண்டும்.

இனி ஊரார் பேச்சுக்கு வருவோம். பார்த்த சாட்சி இல்லை என்பது ஒரு குறையே அல்ல. பாதிக்கப்பட்டவரைக் குற்றத்துக்கு உடந்தையானவரைப் போலச் சந்தேகித்து, துணைச்சான்று கேட்கக் கூடாது, காயம்பட்ட சாட்சிக்குத் தரும் மதிப்பையாவது தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1990-லேயே சொல்லிவிட்டது. அவர் சொல் நம்பும்படி இருந்தால் அது ஒன்றே தண்டனைக்குப் போதும்.

தாமதம், முரண்பாடு இரண்டுக்கும் நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது 1996-ல் வந்த குர்மித் சிங் தீர்ப்பு. 1984-ல் பஞ்சாபில் பொதுத்தேர்வு எழுதிவிட்டுப் போய்க்கொண்டிருந்த பதினாறு வயது நிரம்பாத மாணவியைக் காரில் கடத்தினார்கள். அது எந்த வகைக் கார் என்று அவரால் சொல்ல முடியவில்லை, மறுநாள் தேர்வு மையத்தில் ஆசிரியைகளிடமும் தோழிகளிடமும் சொல்லவில்லை, வீட்டுக்கு வந்த பிறகே தாயிடம் சொன்னார் என்றெல்லாம் காரணம் காட்டி விசாரணை நீதிமன்றம் எதிரிகளை விடுதலை செய்தது. உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டது. கிராமத்துப் பெண்ணுக்குக் காரின் வகை தெரியாததில் என்ன வியப்பு? தாயிடம் மட்டும் சொன்னதுதானே இயல்பு? குடும்ப மானத்தை நினைத்துத் தயங்கியதால் புகார் தாமதமாவதையும் அந்தத் தீர்ப்பு புரிந்துகொண்டது. அப்படியிருக்க, உங்கள் தங்கை சொன்ன ஒன்றரை மணி நேர வித்தியாசம் மட்டும் அவர் சாட்சியத்தைச் சாய்த்துவிடாது. வழக்கின் மையம் அசைகிறதா என்றுதான் மேல்நீதிமன்றம் பார்க்கும். அவன்தான் செய்தானா, சம்மதமில்லாமல் செய்தானா என்பவை மையம்.

காயம் இல்லை என்ற வாதம் ஒருகாலத்தில் எடுபட்டது. மகாராஷ்டிரத்தில் காவல் நிலையத்துக்குள் ஒரு பழங்குடிப் பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையில் பம்பாய் உயர்நீதிமன்றம் காவலர்களைத் தண்டித்தது. காயமில்லை என்பதையும் ஒரு காரணமாக்கி, உச்ச நீதிமன்றம் 1978-ல் அவர்களை விடுவித்தது. அந்தத் தீர்ப்பை எதிர்த்துச் சட்டப் பேராசிரியர்கள் நால்வர் எழுதிய பகிரங்கக் கடிதமும் பெண்கள் நடத்திய போராட்டமும்தான் 1983-ல் சட்டத்தைத் திருத்த வைத்தன. உடலால் எதிர்க்கவில்லை என்பதாலேயே சம்மதம் என்று கொள்ளக் கூடாது என 2013 திருத்தம் வெளிப்படையாகவே எழுதிவிட்டது. புதிய நியாயச் சட்டத்திலும் அது அப்படியே இருக்கிறது.

வெறும் நம்பிக்கை கொடுத்து அனுப்ப எனக்கு மனமில்லை. மேல்முறையீட்டில் விடுதலையும் கிடைக்கிறது. முதல் புகாரிலிருந்து நீதிமன்றம் வரை அடிப்படைக் கதையே மாறினால், குறுக்கு விசாரணையில் அது நிற்காமல் போனால், சந்தேகத்தின் பலன் எதிரிக்குத்தான். உச்ச நீதிமன்றம் 2012-ல் ராய் சந்தீப் வழக்கில் ஒருவர் சாட்சியத்தை மட்டும் நம்பித் தண்டிக்க எவ்வளவு உறுதி வேண்டும் என்று விளக்கி, எதிரிகளை விடுதலை செய்தது. அந்த வாசலை மூடக் கூடாது என்றே நானும் நினைக்கிறேன். நிரபராதி ஒருவனுக்கும் அது தேவைப்படும்.

உங்கள் தங்கைக்கு வாச்சாத்தி என்ற மலைக் கிராமத்தைப் பற்றிச் சொல்லுங்கள். 1992 ஜூனில் அங்கே 18 பெண்கள் சீரழிக்கப்பட்டார்கள். தர்மபுரி நீதிமன்றத் தீர்ப்பு வர 2011 ஆனது. எதிரிகளின் மேல்முறையீடுகளை உயர்நீதிமன்றத்தில் விசாரித்த நீதிபதி வேல்முருகன் தாள்களோடு நிற்காமல் அந்தக் கிராமத்துக்கே போய்ப் பார்த்தார். 2023 செப்டம்பரில் அத்தனை மேல்முறையீடுகளையும் தள்ளுபடி செய்தார். முப்பத்தோரு ஆண்டுக்குப் பிறகும் அந்தப் பெண்களின் சொல் நின்றது.

உடனே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் கேட்டு எதிரி மனுப் போட்டிருப்பான், அதுதான் முதலில் விசாரணைக்கு வரும். பாதிக்கப்பட்டவர் மேல்முறையீட்டிலும் தன் தரப்பைச் சொல்லலாம் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருக்கிறது. மதுரைக் கிளையில் உள்ள சட்டப் பணிகள் குழுவுக்குத் தீர்ப்பு நகலோடு போங்கள். பெண் என்பதால் வருமானம் பார்க்காமல் வக்கீல் வைத்துத் தருவார்கள். மனு விசாரணைக்கு வரும் தேதியை அரசு வக்கீல் அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தங்கை வர வேண்டாம், நீங்கள் போனால் போதும்.